சிப்பாயைப் பொம்மையாக எழுதலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒரு போர் நாவல் எழுதுகிறீர்கள். அதில் பத்தொன்பது வயதுச் சிப்பாய் ஒருவன். அவனுடைய தளபதி அவன் மனதைக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து, கடைசியில் ஒரு கிராமத்துக்குத் தீ வைக்கச் செய்கிறார். அதன் பிறகு அவன் மனம் உடைந்துபோகிறது. படித்துப் பார்த்த நண்பர், “அவன் பொம்மை மாதிரி இருக்கிறான், அவன்மேல் இரக்கமே வரவில்லை” என்று சொல்லியிருக்கிறார். மனநல ரீதியாக எங்கே பிழை என்று கேட்கிறீர்கள். நோய்க்குறிகளைச் சரியாக எழுதியிருக்கிறோமா என்பது இந்தக் கேள்வியின் மேல்பகுதி. அடியில் இருக்கிற கேள்வி வேறு: இன்னொருவரால் இயக்கப்பட்டவன் செய்த செயல் எந்த அளவுக்கு அவனுடையது? ‘முழுக்க முழுக்கத் தளபதியுடையது’ என்று உங்கள் நாவல் தீர்ப்பு எழுதிவிட்டது. அந்த இடத்திலேயே, சிப்பாயின் மனம் உடைவதற்கான காரணமும் கதையை விட்டுப் போய்விட்டது. உங்கள் நண்பருக்கு இரக்கம் வராததற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

நான் மனநலச் சிகிச்சையில் நீண்ட காலமாக இருப்பவன். படையில் இருந்துவிட்டு வந்தவர்களிடமும் நிறையப் பேசியிருக்கிறேன். ஆனால் என்னைத் தேடி வருபவர்கள் தூக்கம் போனவர்கள், குடியில் விழுந்தவர்கள், மனைவி பிள்ளைகள் இழுத்துக்கொண்டு வந்தவர்கள். போரைப் பார்த்துவிட்டு ஓரளவு அமைதியாக வாழ்கிறவர்கள் என் அறைக்கு வருவதில்லை. ஆகவே நான் சொல்வதில் உடைந்தவர்களின் குரல் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

போர்க் கதைகளில் அடிக்கடி வரும் தளபதி கொடூரமானவர். பொய் சொல்வார், மிரட்டுவார், அடிப்பார். மிரட்டல் இல்லாத படை கிடையாது என்பது உண்மைதான். ஆனால் ஒருவனை அவன் செய்யவே மாட்டான் என்று நாம் நினைக்கும் காரியத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துவது பெரும்பாலும் அவனிடம் இருக்கும் நல்ல குணங்கள்தான். நண்பன் மேல் பாசம், நன்றி, சொன்ன சொல் காப்பது, கூட்டத்தில் கோழையாகத் தெரிந்துவிடக் கூடாது என்ற கூச்சம், இறந்தவனுக்காக அழும் மனம் எல்லாமே அங்கே பிடியாகிவிடுகின்றன. இதை நாம் வெளியே போய்த் தேட வேண்டியதில்லை. கர்ணனைப் பாருங்கள். தேரோட்டி மகன் என்று சபை நடுவே அவமானப்பட்டவனுக்கு அங்க நாட்டைக் கொடுத்த கணத்திலேயே துரியோதனன் அவனை வாங்கிவிட்டான். பிறகு தன் பிறப்பு தெரிந்தும், தோற்கப்போகிற பக்கம் எது என்று தெரிந்தும், செஞ்சோற்றுக் கடன் அவனை நகரவிடவில்லை. குந்தி போருக்கு முன்னால் வந்து அவனிடம் வாங்கிப் போகும் வரமும் அவனுடைய ஈகைக் குணத்தைத்தான் பிடித்து இழுக்கிறது. அபிமன்யு இன்னும் வேதனையானவன். வியூகத்துக்குள் நுழையத் தெரியும், வெளியே வரத் தெரியாது என்று அவனே சொல்கிறான். ‘நீ வழி திற, நாங்கள் பின்னாலேயே வருகிறோம்’ என்று பெரியவர்கள் அனுப்புகிறார்கள். யாரும் பொய் சொல்லவில்லை, எல்லோரும் அவன்மேல் பிரியம் உள்ளவர்கள், பையன் திரும்பி வரவில்லை. உங்கள் தளபதிக்கு வில்லத்தனம் தேவையில்லை என்று நான் சொல்வது இந்த அர்த்தத்தில்தான்.

நடந்த சரித்திரத்திலிருந்து ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கதைக்கு மிக அருகில் இருப்பது அது. வியட்நாமில் மை லாய் படுகொலை 1968 மார்ச் 16-ஆம் தேதி காலையில் நடந்தது. அதைச் செய்த அமெரிக்கக் கம்பெனி (இராணுவத்தின் ஒரு சிறு படைப்பிரிவு) அதற்கு முந்தைய வாரங்களில் எதிரிப் படையை நேருக்கு நேர் பார்த்ததே அபூர்வம். ஆனால் கண்ணிவெடிகளிலும் மறைபொறிகளிலும் ஆட்களை இழந்துகொண்டே இருந்தது. மார்ச் 14 அன்று எல்லோருக்கும் பிடித்த சார்ஜென்ட் ஒருவர் அப்படி இறந்தார். மறுநாள் அவருக்கு அஞ்சலிக் கூட்டம் நடந்தது. அதைத் தொடர்ந்தே அடுத்த நாள் தாக்குதலுக்கான விளக்கத்தைக் கேப்டன் கொடுத்தார். துக்கமும் கட்டளையும் ஒரே நாளில், ஒரே ஆட்களுக்கு. இதைத் திட்டமிட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அதற்குச் சான்று இல்லை. ஆனால் அது எப்படி வேலை செய்தது என்பது தெரிகிறது. கேப்டன் அன்று உண்மையில் என்ன சொன்னார் என்பதில் கடைசி வரை ஒத்த கருத்து வரவில்லை. பெண்களையும் குழந்தைகளையும் கொல்லச் சொன்னார் என்று சிலர் சாட்சி சொன்னார்கள். அப்படிச் சொல்லவில்லை என்று வேறு சிலர். கட்டளை தெளிவாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதை இங்கே கவனியுங்கள். தெளிவில்லாத கட்டளையை ஒவ்வொருவனும் தன் கோபத்தாலும் துக்கத்தாலும் நிரப்பிக்கொள்கிறான். பிறகு மேலே இருப்பவர் ‘நான் அப்படிச் சொல்லவே இல்லை’ என்கிறார், கீழே இருப்பவன் ‘எனக்கு அப்படித்தான் கேட்டது’ என்கிறான். இருவருமே உண்மையைச் சொல்வதாக நம்பலாம். உங்கள் நாவலில் தளபதி ‘கொளுத்து’ என்று கத்துகிறார். அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டாலே அத்தியாயம் மாறிவிடும்.

அன்று இறந்தவர்கள் அமெரிக்க இராணுவக் கணக்கில் 347 பேர், வியட்நாம் கணக்கில் 504 பேர். அதே கம்பெனியில் சுட மறுத்தவர்களும் இருந்தார்கள். ஹ்யூ தாம்ப்சன் என்ற ஹெலிகாப்டர் விமானி கிராமத்தாருக்கும் தன் நாட்டுப் படைக்கும் நடுவே ஹெலிகாப்டரை இறக்கி, சிலரைக் காப்பாற்றினார். ‘வேறு வழியே இல்லை’ என்று எழுதும் நாவலாசிரியர் இந்த மறுத்தவர்களை அழித்துவிடுகிறார். அவர்கள் இருந்ததால்தான் மற்றவர்களுக்குப் பின்னாளில் தூக்கம் வரவில்லை.

இதே பாடம் இன்னும் கசப்பாக 1942 ஜூலையில் போலந்தின் யோசெஃபுவ் என்ற ஊரில் கிடைக்கிறது. ஹாம்பர்க் நகரத்திலிருந்து வந்த ஜெர்மன் ரிசர்வ் போலீஸ் பட்டாலியன் 101 அங்கே சுமார் 1,500 யூதர்களைச் சுட்டுக் கொன்றது. காலையில் அதன் மேஜர் அழுதுகொண்டே உத்தரவைச் சொல்லி, முடியாது என்று நினைக்கும் மூத்தவர்கள் விலகிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். கிட்டத்தட்ட 500 பேரில் அப்போது விலகியவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான். விலகியவர்களுக்குப் பெரிய தண்டனை எதுவும் இல்லை. பின்னாளில் விசாரணையில் அந்தப் பட்டாலியன்காரர்கள் சொன்னவற்றை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் கிறிஸ்டோபர் பிரௌனிங், விலகினால் தோழர்கள் தலையில் அழுக்கு வேலையைக் கட்டிவிட்டுப் போனவன் ஆகிவிடுவோம் என்ற கூச்சத்தை முக்கியமான காரணமாகக் காண்கிறார். யூத வெறுப்புதான் முதன்மைக் காரணம் என்று டேனியல் கோல்ட்ஹேகன் என்ற இன்னொரு ஆய்வாளர் கடுமையாக மறுத்தார். இந்த விவாதம் முடிந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். என் அனுபவத்தில் இந்த இரண்டும் ஒன்றையொன்று விலக்குவதில்லை. எதிரியை மனிதனாகப் பார்க்காத பழக்கம் கதவைத் திறந்து வைக்கிறது. பக்கத்தில் நிற்பவன் என்ன நினைப்பான் என்ற எண்ணம் உள்ளே தள்ளுகிறது.

ஸ்டான்லி மில்கிராமின் மின்னதிர்ச்சிச் சோதனையை நீங்களே குறிப்பிட்டிருந்தீர்கள். ஆய்வாளர் சொல்லச் சொல்ல, இன்னொருவருக்கு மின்னதிர்ச்சி கொடுப்பதாக நினைத்து விசைகளை ஒவ்வொன்றாக அழுத்த வேண்டும்; உண்மையில் அதிர்ச்சி எதுவும் இல்லை. 1963-ல் வெளியான அந்தச் சோதனையில் 40 பேரில் 26 பேர் கடைசி 450 வோல்ட் வரை போனார்கள். அதை வைத்து ‘மனிதன் அதிகாரத்துக்கு அடிமை’ என்று எழுதுவது சுலபம். ஆனால் ஆய்வாளர் அறையை விட்டு வெளியேறி, தொலைபேசியில் கட்டளை கொடுத்தபோது கடைசி வரை போனவர்கள் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிட்டார்கள். அதிர்ச்சி நிஜம் என்று பங்கேற்றவர்கள் எத்தனை பேர் நம்பினார்கள் என்ற சந்தேகமும் பிறகு எழுந்தது. எனக்கு அதில் நாவலாசிரியருக்கு உதவும் அம்சமாகப் படுவது வேறு: ஒவ்வொரு விசையும் முந்தையதை விட 15 வோல்ட்தான் கூட. நேற்றுச் செய்ததற்கும் இன்று செய்வதற்கும் வித்தியாசம் மிகச் சிறியது. இன்று மறுத்தால் நேற்றுச் செய்ததும் தப்பு என்று ஒப்புக்கொள்ள வேண்டிவரும். உங்கள் சிப்பாய் முதல் நாள் ஒரு வீட்டுக் கதவை உதைத்துத் திறக்கட்டும். அடுத்த வாரம் ஒரு கிழவரின் கடிகாரத்தை எடுத்துக்கொள்ளட்டும், யாரும் எதுவும் சொல்லாமல் இருக்கட்டும். தீக்குச்சி வரைக்கும் வாசகரே அவனோடு நடந்து வந்துவிடுவார்.

ஒரு ரகசியச் சொல்லைக் கேட்டதும் இயந்திரமாக மாறிக் கொல்லும் சிப்பாயைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கொரியப் போருக்குப் பிறகு 21 அமெரிக்கக் கைதிகள் நாடு திரும்ப மறுத்தபோது ‘மூளைச்சலவை’ பற்றிய பீதி பரவியது. அதை நேரடியாக ஆராய்ந்த ராபர்ட் லிஃப்டன், எட்கர் ஷைன் போன்றவர்கள் கண்டது மந்திரம் எதையும் அல்ல. தனிமைப்படுத்தல், களைப்பு, குழு அழுத்தம், சின்னச் சின்ன ஒப்புதல் வாக்குமூலங்கள். மனித மனதைக் கட்டுப்படுத்தும் வழி தேடி சி.ஐ.ஏ. 1953-ல் தொடங்கிய எம்.கே.அல்ட்ரா திட்டத்தின் கோப்புகளில் பெரும்பகுதி 1973-ல் அழிக்கப்பட்டன என்பது உண்மை. கிடைத்தவற்றில் மனிதர்களுக்குச் செய்த கொடுமைகள் இருக்கின்றன, ரிமோட் சிப்பாய் இல்லை. அறிவியல் புனைவில் எழுதுங்கள், தவறில்லை. யதார்த்த நாவலில் வேண்டாம்.

பயிற்சி பற்றி ஒரு எச்சரிக்கை. இரண்டாம் உலகப் போரில் எதிரியை நோக்கிச் சுட்ட சிப்பாய்கள் அதிகம் போனால் நாலில் ஒரு பங்குதான் என்று எஸ்.எல்.ஏ. மார்ஷல் என்ற அமெரிக்க இராணுவ எழுத்தாளர் 1947-ல் எழுதினார். அந்த எண்ணை வைத்துப் பல நூல்களும் கட்டுரைகளும் வந்துவிட்டன. அவர் அப்படி முறையாகக் கணக்கெடுத்ததற்கான ஆதாரம் பலவீனம் என்று 1980-களிலேயே வரலாற்றாசிரியர்கள் காட்டிவிட்டார்கள். எண்ணை விட்டுவிடுங்கள். மனிதனைக் கொல்லப் பெரும்பாலானவர்களுக்குத் தயக்கம் உண்டு என்பதும், மனித உருவ இலக்குகளை மறுபடி மறுபடி சுடும் பயிற்சி அந்தத் தயக்கத்தைத் தாண்டவைக்கத்தான் என்பதும் நம்பிச் சொல்லக்கூடியவை. அப்புறம், பயிற்சி கை தயங்காமல் இருக்கக் கற்றுத்தருகிறது. கை செய்துவிட்ட பிறகு மனம் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று கற்றுத்தருவதில்லை.

சரி, மனக்காயத்துக்கு வருவோம். நீங்கள் எழுதியிருப்பது முழுக்கப் பயத்தின் நோய்: வெடிச்சத்தம் கேட்டால் ஒளிவது, நடுக்கம், கெட்ட கனவு. அவை பொய்யல்ல. ஆனால் உங்கள் சிப்பாய் தாக்கப்பட்டவன் அல்ல, தாக்கியவன். அவனுடைய காயம் பயத்தால் வந்தது அல்ல. இதை மருத்துவமும் தட்டுத்தடுமாறித்தான் புரிந்துகொண்டது. பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன அழுத்த நோய்) என்ற பெயரில் இந்த நோய் 1980-ல் அமெரிக்க மனநல வகைப்பாட்டில் முதலில் இடம்பெற்றபோது, மற்றவர்கள் சாகத் தான் பிழைத்ததற்கான குற்றவுணர்வும், பிழைப்பதற்காகச் செய்தவற்றைப் பற்றிய குற்றவுணர்வும் அறிகுறிப் பட்டியலில் இருந்தன. 1987 திருத்தத்தில் அவை மையப் பட்டியலிலிருந்து போய்விட்டன. கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு கழித்து, 2013-ல்தான் குற்றவுணர்வும் வெட்கமும் தன்னையே பழிப்பதும் முறையாகத் திரும்பி வந்தன. இடைப்பட்ட காலத்தில், வியட்நாமில் போரிட்டவர்களுக்குச் சிகிச்சை தந்த ஜோனதன் ஷே வேறொரு காயத்தைப் பற்றி எழுதினார். உயிர் போகிற சூழலில், அதிகாரத்தில் இருப்பவரே ‘எது சரி’ என்பதற்குத் துரோகம் செய்யும்போது உண்டாகும் காயம் அது. 2009-ல் பிரெட் லிட்ஸும் சக ஆய்வாளர்களும் அதை இன்னொரு பக்கமாகத் திருப்பினார்கள். தன் அறத்துக்கு எதிரானதைத் தானே செய்வது, தடுக்காமல் இருப்பது, பார்த்துக்கொண்டு நிற்பது. இதை அறக்காயம் என்று சொல்லலாம். இது தனி நோயா, எப்படி அளப்பது, எந்தச் சிகிச்சை சிறந்தது என்பதெல்லாம் இன்னும் விவாதத்தில்தான் இருக்கின்றன. தனி நோயாக இது வகைப்படுத்தப்படவில்லை. ஆனால் இப்படி ஒரு காயம் இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உங்கள் சிப்பாய்க்கு அந்த இரண்டு வகையும் ஒரே நேரத்தில் இருக்கிறது. அவனுக்குத் துரோகம் செய்திருக்கிறார்கள், அவனும் செய்திருக்கிறான். ஒன்றைச் சொன்னால் மற்றது மறைந்துவிடும் என்று நினைத்து நீங்கள் இரண்டாவதை எடுத்துவிட்டீர்கள்.

இப்படிப்பட்டவர்களிடம் ‘உங்கள் தப்பு இல்லை, கட்டளைதானே’ என்று ஆறுதல் சொல்லிப் பாருங்கள், பல பேர் கோபப்படுவார்கள். முதலில் எனக்கு அது புரியப் பல காலம் ஆனது. அந்த ஆறுதல் அவனிடம் மிச்சமிருக்கும் ஒரே மனிதத்தன்மையைப் பிடுங்குகிறது. தான் செய்தது தன்னுடையது என்று பிடித்துக்கொண்டிருப்பவன் இன்னும் நல்லதும் கெட்டதும் தெரிந்தவனாக இருக்கிறான். அதே நேரத்தில் முழுப் பழியையும் அவனே சுமப்பதும் உண்மை அல்ல, ஏனென்றால் அவனை அங்கே கொண்டுபோய் நிறுத்தியவர்கள் உண்டு. சிகிச்சையில் நாங்கள் செய்ய முயல்வது பழியை நீக்குவதை அல்ல, சரியான அளவில் பிரிப்பதை. நாவலும் அதைச் செய்யலாம். அந்தப் பிரிவினையை அவன் ஏற்க மறுக்கும் காட்சிகள்தான் வாசகரை அவன் பக்கம் இழுக்கும்.

அறிகுறிகளை எழுதும்போது காலத்தைப் பாருங்கள். உங்கள் கதை முதல் உலகப் போரில் நடப்பதாகச் சொல்கிறீர்கள், ஆனால் அவனுக்குத் திரைப்படக் காட்சி போல் பழைய நினைவு கண் முன்னால் ஓடுகிறது. பிரிட்டிஷ் இராணுவத்தின் பழைய மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்த எட்கர் ஜோன்ஸ் குழுவினர், அப்படிப்பட்ட காட்சி நினைவுகள் அந்தக் காலப் பதிவுகளில் மிக அரிது என்று கண்டார்கள். அன்றைய சிப்பாயின் உடல்தான் பேசியது: வாய் பேச முடியாமல் போவது, கால் விளங்காமல் போவது, நிற்காத நடுக்கம், படபடக்கும் இதயம். சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் 1915-ல் ‘ஷெல் ஷாக்’ (போர்முனைச் சிப்பாய்களின் மன உடைவுக்கு அன்றைய பெயர்) பற்றி மருத்துவ இதழில் எழுதினார். 1917-லேயே அந்தச் சொல்லைப் போர்முனை அறிக்கைகளில் பயன்படுத்தக் கூடாது என்று இராணுவம் தடுத்துவிட்டது. எத்தனை பேருக்கு நோய் வருகிறது என்பதையும் மிகைப்படுத்த வேண்டாம். வியட்நாமில் பணியாற்றியவர்களில் வாழ்நாளில் எப்போதாவது பி.டி.எஸ்.டி. வந்தவர்கள் சுமார் 31 சதவீதம் என்று 1980-களின் பெரிய ஆய்வு சொன்னது. அதே தரவை 2006-ல் இறுக்கமான அளவுகோலால் மறுபடி பார்த்தபோது சுமார் 19 சதவீதம் ஆனது. எந்த எண்ணை எடுத்தாலும் பெரும்பான்மை அந்தப் பக்கம் இல்லை. உங்கள் படைப்பிரிவில் எல்லோரும் உடைகிறார்கள். அதே இரவில் அங்கே இருந்தும் நன்றாகத் தூங்குகிற ஒருவனை வையுங்கள். அவன் கெட்டவனாகவும் இருக்க வேண்டாம்.

முதல் உலகப் போர் என்பதால் இன்னொன்று சொல்ல ஆசைப்படுகிறேன். மனதை வளைப்பவர் தளபதியாகவே இருக்க வேண்டுமா? மருத்துவராக இருக்கலாம். 1917-ல் கவிஞர் சீக்ஃபிரீட் சாஸூன் போரை வேண்டுமென்றே நீட்டிக்கிறார்கள் என்று பகிரங்கமாக அறிக்கை விட்டார். அவரை இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தாமல் எடின்பரோ அருகே கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனைக்கு நோயாளியாக அனுப்பிவிட்டார்கள். அங்கே அவருக்கு அமைந்த மருத்துவர் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ். அன்பானவர், மிரட்டாதவர், காது கொடுத்துக் கேட்பவர். ஆனால் அவருடைய வேலை அதிகாரிகளைக் குணப்படுத்தி மறுபடி போர்முனைக்கு அனுப்புவது. சாஸூன் கடைசியில் தானாகவே திரும்பிப் போனார், தன் ஆட்களை விட்டுவிட்டு இங்கே பாதுகாப்பாக இருப்பதைத் தாங்க முடியாமல். அதே மருத்துவமனையில் இருந்த வில்ஃப்ரெட் ஓவனும் போர்முனைக்குத் திரும்பி, போர் முடிய ஒரு வாரம் இருக்கும்போது 1918 நவம்பர் 4 அன்று இறந்தார். போர்முனைக்குப் பக்கத்திலேயே, உடனடியாக, ‘நீ சீக்கிரம் திரும்பிப் போவாய்’ என்ற எதிர்பார்ப்போடு சிகிச்சை தருவது என்ற முறையும் அந்தப் போரில்தான் உருவானது. அது நோயாளிக்கு நல்லதா, படைக்கு மட்டும் நல்லதா என்பதில் இன்றைக்கும் ஒருமித்த பதில் இல்லை. மறுபக்கம், லூயிஸ் யெல்லண்ட் என்ற மருத்துவர் பேச்சு போனவர்களுக்குத் தொண்டையில் மின்சாரம் பாய்ச்சிப் பேசவைத்தார். கோழைத்தனம், படையை விட்டு ஓடியது போன்ற குற்றங்களுக்காகச் சுட்டுக் கொல்லப்பட்ட 306 பிரிட்டிஷ் படை வீரர்களுக்கு 2006-ல்தான் மன்னிப்பு வந்தது. அவர்களில் ஹாரி ஃபார் என்பவர் 1915-ல் ஷெல் ஷாக்குக்காக ஐந்து மாதம் மருத்துவமனையில் இருந்தவர். 1916 அக்டோபரில் அவரைச் சுட்டார்கள். அன்பான மருத்துவர் ஒரு பக்கம், துப்பாக்கிக் குழு ஒரு பக்கம். இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பவனுக்குத் தன் மனம் தன்னுடையதுதானா என்று சந்தேகம் வருவதை எழுதினால், உங்கள் கேள்விக்கு நாவலே பதில் சொல்லும்.

கடைசி அத்தியாயத்தில் மறந்துபோன அந்த இரவு அவனுக்கு ஒரே மூச்சில் ஞாபகம் வந்து, அழுது, குணமாகிறான். இதை மாற்றச் சொல்வேன். அப்படி முழுக்கப் புதைந்த நினைவு அப்படியே மீண்டு வருவது பற்றி ஆய்வாளர்களிடையே கடும் சண்டை இருக்கிறது. நான் பார்த்தவர்களின் பிரச்சினை மறதி அல்ல, மறக்க முடியாமை. ஒரே அழுகையில் யாரும் குணமானதையும் பார்த்ததில்லை. சொல்லத் தொடங்கி நிறுத்துவார்கள். அடுத்த முறை வேறொரு இடத்திலிருந்து தொடங்குவார்கள். தன் கை வரும் இடத்தில் மட்டும் ‘செய்தோம்’ என்பார்கள், ‘செய்தேன்’ என்று வராது. உங்கள் சிப்பாய் அந்த இரவை நாவலில் மூன்று தடவை யாரிடமாவது சொல்லட்டும். முதல் தடவை தளபதிதான் கொளுத்தினார் என்று. அடுத்தது, நாங்கள் கொளுத்தினோம் என்று. மூன்றாவது தடவை யாரிடம் சொல்கிறான் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். கேட்பவர் தீர்ப்பு சொல்லக்கூடியவராக, அவனுக்கு அந்தத் தீர்ப்பு முக்கியமானவராக இருக்க வேண்டும். மருத்துவரை அந்த இடத்தில் வைக்காதீர்கள்.